பயிர்நோய் மருத்துவர் பட்லர்

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுவடை முடிந்தபின் வயல்வெளியைக் காண்போர், கதிர் நீங்கிய நெற்றாள்கள் நிரைநிரையாக நிற்பதைக் காண்பர். கோடை உழவில் அத்தாள்கள் மண்ணுக்குள் புரட்டப்படுகின்றன. அடுத்த கன்னிப்பூவிற்கு நீர் பாய்ச்சிச் சேறு கலக்குங்கால் அவற்றில் பெரும்பகுதி உருத்தெரியாமல் மட்கிப் போயிருக்கும். மாடும் நெடுநேரம் அசைபோட்டே செரிக்கும் வைக்கோலை ஓசையின்றி உண்டு தீர்த்த உயிர் யாது?

மண்ணில் வாழும் பூசணங்களும் பாக்டீரியாக்களுமே அவ்வேலையைச் செய்வன. பூசணத்திற்கு வாயில்லை, வயிறுமில்லை. நூலினும் மெல்லிய இழைகளே அதன் உடல். அவ்விழைகள் நொதிகள் என்னும் செரிமானப் பொருள்களை வெளியே கசியவிடுகின்றன. நமக்கு வயிற்றினுள் நிகழும் செரிமானம் பூசணத்திற்கு உடலின் புறத்தே நிகழ்கிறது. செல்லுலேசு என்னும் நொதி வைக்கோலின் நாரைச் சர்க்கரையாக உடைக்கிறது. பெக்டினேசு என்னும் நொதி, உயிரணுவோடு உயிரணுவை ஒட்டி வைத்திருக்கும் பசையைக் கரைக்கிறது. கரைந்ததை இழைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சியது நிலத்திற்கு எருவாகிறது. வயலில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணுக்குள் காற்றுக் குறைந்துவிடும். அப்பொழுது பூசணங்கள் பெரும்பாலும் ஒடுங்க, பாக்டீரியாக்கள் முன்வந்து அப்பணியைத் தொடரும். நீர் வடிந்து மண் ஈரமாயிருக்கும் நாள்களே பூசணங்கள் தழைக்கும் நாள்கள்.

இதே ஆற்றல் உயிருள்ள பயிரின்மீது திரும்புவதும் உண்டு. அப்போது நாற்றங்காலில் நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்கிறது. தென்னையின் குருத்து அழுகி உதிர்கிறது. செழித்து நின்ற துவரை ஒரு கிழமைக்குள் வாடிக் கருகுகிறது. விளைச்சலுக்கு உதவும் கூட்டத்தின் உறவினரே விளைச்சலை அழிக்கவும் செய்கின்றனர். இவற்றுள் நண்பன் எது, பகைவன் எது என்று பிரித்தறியும் கலையை இந்திய நாட்டில் நிலைநாட்டியவர் எட்வின் ஜான் பட்லர் என்னும் அறிஞர். இந்தியப் பூசணவியலின் தந்தை என்று அவரை அறிஞர் உலகம் போற்றுகிறது.

அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையிலே கிளேர் என்னும் மாவட்டம் உளது. அங்குள்ள கில்கீ என்னும் கடற்கரையூரில் 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள் பட்லர் பிறந்தார். அவருடைய தந்தையார் நீதித்துறை நடுவராக விளங்கியவர். பட்லர் பிறப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாடு ஒரு கொடிய பஞ்சத்தைக் கண்டது. ஏழை மக்கள் உருளைக்கிழங்கையே நாடோறும் உண்டு வாழ்ந்த நாடு அது. 1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குச் செடிகள் திடீரெனக் கருகத் தொடங்கின. கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே அழுகி நாறின. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அக்கேடு தொடர்ந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கப்பலேறி வேற்று நாடுகளுக்குச் சென்றனர். மேற்குக் கரை மாவட்டங்களே அப்பஞ்சத்தில் மிகவும் அல்லலுற்றன.

அக்கேட்டிற்குக் காரணம் வானிலை என்றனர் சிலர். கடவுளின் சினம் என்றனர் வேறு சிலர். செருமானிய அறிஞர் அந்தோன் தெ பாரி என்பவர் 1861-ஆம் ஆண்டில் அது ஒரு பூசணத்தின் செயலே என்று ஆய்வால் நிலைநாட்டினார். பின்னர் அவ்வினத்திற்குப் பைட்டோப்தோரா என்று பெயரிட்டார். பயிரை அழிப்பது என்பது அப்பெயரின் பொருள். பூசணங்கள் கசியவிடும் நொதி பயிரின் உயிரணுக்களைப் பிரித்துக் கொல்லும் வகையை, வேறொரு பூசணத்தைக் கொண்டு 1886-இல் விளக்கிக் காட்டியவரும் அவரே. பட்லர் பள்ளிச் சிறுவராக இருந்த காலம் அது.

கார்க்கு நகரின் குயீன்சு கல்லூரியில் பட்லர் மருத்துவம் பயின்று 1898-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அக்கல்லூரியிலே மார்க்கசு ஆர்ட்டாக்கு என்னும் இயற்கை நூற் பேராசிரியர் இருந்தார். நீரில் வாழும் பூசணங்களை ஆராய்வதில் அவர் பேரார்வம் கொண்டவர். குளத்து நீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதில் செத்த ஈயையோ பிளந்த விதையையோ மிதக்கவிட்டால், இரண்டொரு நாளில் அதைச் சுற்றி வெண்பஞ்சு போன்ற இழைகள் படர்வதைக் காணலாம். அவ்விழைகளே நீர்ப்பூசணங்கள். செலவில்லாத இவ்வாராய்ச்சியை இன்றும் எப்பள்ளியிலும் செய்து பார்க்கலாம். இத்துறை பட்லரின் உள்ளத்தைக் கவர்ந்தது. மருத்துவப் பட்டம் பெற்றும் அவர் நோயாளரை நாடவில்லை. பாரிசு நகரம் சென்று, பின்னர் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்திலும் பயின்று, பூசணங்களின் வாழ்க்கை முறையைக் கற்றார். ஈரமண்ணில் வாழும் பித்தியம் என்னும் இனமே அவர் முதன்மையாக ஆராய்ந்தது.

1901-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பூவாத் தாவரங்களை ஆராய ஓர் அறிஞரை முதன்முதலாக நியமித்தது. கியூவின் பரிந்துரையால் அப்பதவி பட்லருக்குக் கிடைத்தது. அவர் கல்கத்தாவில் பணி தொடங்கி, அடுத்த ஆண்டு தேராதூனுக்கு மாற்றப்பட்டார். 1905-ஆம் ஆண்டில், என்றி பிப்பிசு என்னும் அமெரிக்கச் செல்வரின் நன்கொடையைக் கொண்டு பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று எழுந்தது. அங்கே பூசணவியல் துறையின் தலைவராகப் பட்லர் அமர்ந்தார். கோடிக்கணக்கான உழவர் வாழும் இத்துணைப் பெரிய நாட்டில் பயிர்நோயை ஆராய அந்நாளில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே இருந்தனர். பயிர் வாடினால் கண்ணேறு என்றும், காற்றுச் சேட்டை என்றும், விதையின் குறை என்றும் கூறி அமைவது வழக்கமாக இருந்தது. பட்லரோ நெல், கோதுமை, கரும்பு, துவரை, பனை எனப் பயிர்தோறும் நோயுற்ற செடியை வேரோடு பெயர்த்து நுண்ணோக்கியின்கீழ் வைத்துக் கண்டார்.

1907-ஆம் ஆண்டில் பித்தியம் இனத்தைப் பற்றிய அவருடைய விரிவான நூல் வெளிவந்தது. பித்தியம் சேற்றுநிலத்திற்கென்றே அமைந்தது போன்ற உயிர். மண்ணில் நீர் மிகுந்ததும் அதன் வித்தணுக்கள் சிறு வால்களை அசைத்து நீந்திச் செல்கின்றன. வேரிலிருந்து கசியும் இனிப்பை நாடி அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. பின்பு வாலை நீக்கி, இழையொன்றை வேருக்குள் செலுத்துகின்றன. அவ்விழை கசியவிடும் நொதி வேரின் பசையைக் கரைக்க, இளநாற்றின் அடித்தண்டு கூழாகி மடிகிறது. மிளகாய், புகையிலை, கத்தரி ஆகியவற்றின் நாற்றங்கால்களில் நீர் தேங்கினால் நாற்றுகள் வட்டம் வட்டமாக மடிந்து கிடப்பதை உழவர் நன்கறிவர். அவ்வழுகல் நோயை உண்டாக்குவனவற்றுள் பித்தியம் தலையாயது. நாற்றங்காலை மேடாக அமைத்து நீர் வடியச் செய்க என்னும் அறிவுரைக்கு அடிப்படை இந்த நீந்தும் வித்தணுவே.

இன்றைய அறிவியலார் பித்தியத்தையும் பைட்டோப்தோராவையும் மெய்யான பூசணங்களினின்று பிரித்து வேறொரு குலத்தில் வைத்துள்ளனர் என்பதை ஈண்டுக் கூறுதல் தகும். மெய்ப்பூசணத்தின் சுவர் பெரும்பாலும் கைட்டின் என்னும் பொருளால் ஆயது. இவற்றின் சுவரிலோ செல்லுலோசு உளது. பழகிய பெயர் எளிதில் மாறுவதில்லை ஆதலின் இவை இன்றும் நீர்ப்பூசணங்கள் என்றே வழங்குகின்றன.

பட்லரின் பணிகளுள் பனைமரத்தைப் பற்றியது குமரி மாவட்டத்தார்க்கு நெருக்கமானது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோதாவரிக் கழிமுகப் பகுதியில் பனைகள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. முதலில் குருத்தோலை நிறம் மாறும். பின்னர் அது தொட்டவுடன் கையோடு வரும். அடியில் அழுகிய கூழும் பொறுக்கவொண்ணாத நாற்றமும் இருக்கும். மா, புளி முதலிய மரங்களில் ஒரு கொம்பு போனால் மறுகொம்பு தளிர்க்கும். பனைக்கும் தெங்கிற்கும் உச்சியிலுள்ள ஒற்றைக் குருத்தே உயிர். அஃது அழுகினால் மரமும் மாளும். பதநீர், கருப்பட்டி, நுங்கு, ஓலை, நார், மரம் என அடிமுதல் நுனிவரை பயன்தரும் பனை பட்டுப்போனால், அதனை நம்பிய குடும்பத்தின் அடுப்பும் அணைந்துவிடும்.

நோயுற்ற குருத்துகளை ஆராய்ந்த பட்லர், நீரில் நீந்தும் வித்தணுவையுடைய ஒரு பூசணமே காரணம் என்று கண்டார். 1907-இல் அதற்குப் பித்தியம் பால்மிவோரம் என்று பெயரிட்டார். பனைக் குலத்தை உண்பது என்பது அதன் பொருள். பின்னர் அது பைட்டோப்தோரா இனத்தில் சேர்க்கப்பட்டது. அஃதாவது, அயர்லாந்தில் கிழங்கை அழுக வைத்துப் பட்டினியை உண்டாக்கிய உயிரின் உடன்பிறப்பே கோதாவரியில் பனையைக் கொன்றுகொண்டிருந்தது. தென்னையின் குருத்தழுகல், கொக்கோவின் காயழுகல் முதலிய பல நோய்களுக்கும் அதுவே காரணம் என்பது இப்போது உலகெங்கும் அறிந்த செய்தி.

காரணத்தைக் கண்டது பணியின் ஒரு பாதியே. மரத்தின் உச்சியில் இருக்கும் அழுகலுக்கு அந்நாளில் மருந்தூற்ற இயலவில்லை. நோய் கண்ட மரத்தின் கொண்டையை வெட்டிக் கீழே கொணர்ந்து எரித்துவிட்டால், மழைத்துளியிலும் காற்றிலும் நோய் அண்டை மரத்திற்குப் பரவுவது தடைப்படும். பட்லர் காட்டிய இவ்வழியைச் சென்னை மாகாண வேளாண்மைத் துறை மேற்கொண்டு பல ஆண்டுகள் நடத்தியது. உயிர் முற்றும் போகாத மரத்தை வெட்டச் சொல்வது எளிதன்று. தன் பாட்டன் நட்ட மரத்தின் கொண்டையில் தீ வைக்க எவர்க்குத்தான் மனம் வரும்? எனினும் ஒன்றை இழந்து நூறைக் காக்கும் அம்முறையே அன்று கைக்கெட்டியது. தென்னைக் குருத்தழுகலில் முற்றிய மரத்தை அகற்றி எரித்தலும், தொடக்க நிலையில் அழுகிய பகுதியைச் செதுக்கிப் போர்டோப் பசை பூசுதலும் இன்றும் கூறப்படுகின்றன.

நாஞ்சில் நாடு அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசில் அடங்கியிருந்தது. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த 1906-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அவ்வரசின் வடபகுதியில் தென்னைகளைப் புதியதொரு நோய் வாட்டி வந்தது. 1882-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின்னர் ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் முதன்முதல் காணப்பட்ட நோய் அது. ஓலையின் கீற்றுகள் தளர்ந்து உள்நோக்கி வளையும், வேர்கள் அழுகும், மரம் உடனே சாவதில்லை, ஆண்டுக்கணக்கில் காய் குறைந்து நலியும். பட்லர் அந்நோயை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை 1908-இல் வெளிவந்தது. அழுகிய வேர்களில் அவர் ஒரு பூசணத்தைக் கண்டு அதன்மேல் ஐயங்கொண்டார். இங்கே அவருடைய கை முழு வெற்றி காணவில்லை என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. வேரழுகல் அந்நோயின் விளைவே அன்றி மூலம் அன்று. முக்கால் நூற்றாண்டு கழித்து, 1983-ஆம் ஆண்டில், மின்னணு நுண்ணோக்கி கொண்டு நோக்கியவர்கள் அம்மரங்களின் சாற்றுக் குழாய்களில் பைட்டோபிளாசுமா என்னும் நுண்ணுயிரைக் கண்டனர். பூச்சிகளால் பரவும் அவ்வுயிர் பட்லரின் கருவிகளுக்கு எட்டாத அளவு சிறியது. வேர்வாடல் என்றும் கேரள வாடல் என்றும் வழங்கும் அந்நோய் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோப்புகளையும் எட்டியுள்ளது.

துவரையின் வாடல் நோயில் பட்லரின் நுட்பம் முழுமையாக விளங்கியது. வாடிய துவரையின் வேரிலும் தண்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பூசணங்கள் காணப்பட்டன. அவற்றுள் ஒன்றை மற்றொன்றின் முதிர்ந்த பருவம் என்று அக்காலத்து அறிஞர் கருதியிருந்தனர். பட்லர் அவ்விரண்டையும் தனித்தனியே வளர்த்து, தனித்தனியே நலமுள்ள செடிகளுக்கு ஊட்டினார். ஒன்று செடியை வாடச் செய்தது. மற்றது ஒரு தீங்கும் செய்யவில்லை. இறந்த செடியை மட்கச் செய்ய வந்த அப்பிந்தியது, கொலை நடந்த இடத்தில் நின்றமையால் குற்றவாளி எனப்பட்டது போலும்! மெய்யான குற்றவாளிக்கு அவர் 1910-இல் பியூசேரியம் ஊடம் என்று பெயர் சூட்டினார். ஊடம் என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஈரமானது என்று பொருள். அது வேர்வழி நுழைந்து, நீர் ஏறும் குழாய்களில் படர்ந்து அடைத்துக்கொள்கிறது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி நீரின்றி வாடுகிறது. அறுவடைக்குப்பின் அடிக்கட்டையிலும் மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் தங்கி அடுத்த துவரைக்காகக் காத்திருக்கிறது. ஆகவே மருந்தைவிடப் பயிர் மாற்றமும் நோய்தாங்கும் விதையுமே ஏற்றவை என்று தெளிவாயிற்று.

கிழக்கு வங்காளத்தின் ஆழ்நீர் நெல்வயல்களில் உப்ரா என்னும் நோய் பரவியபோது, அதுவும் பூசணத்தின் செயலாகவே இருக்கலாம் என்று எவரும் எண்ணுவர். பூசணமே தம் துறையாக இருந்தும் பட்லர் அதன்மேல் பழிபோடவில்லை. நோயுற்ற நெற்குருத்துக்குள் கண்ணுக்குப் புலனாகாத நூற்புழு நெளிவதைக் கண்டு, அதுவே காரணம் என்று 1913-ஆம் ஆண்டில் அறிவித்தார்.

பூசாவில் இந்திய இளைஞர் பலர் அவரிடம் பயிற்சி பெற்றனர். அவர்களுள் தசுத்தூர் என்பவர் ஆமணக்கைத் தாக்கும் பைட்டோப்தோராவை ஆராய்ந்து 1913-இல் பெயரிட்டார். பூசாவின் ஆராய்ச்சியாளர் எல். எசு. சுப்பிரமணியம், இஞ்சி, புகையிலை, பப்பாளி ஆகியவற்றை அழுகச் செய்யும் ஒரு நீர்ப்பூசணத்திற்கு 1919-இல் பித்தியம் பட்லெரி என்று பெயர் வைத்தார். வேறு துறையினர் அன்புக்குரியார் பெயரை மலருக்கும் பறவைக்கும் சூட்டுவர். பூசணவியலார் அழுகலுக்குச் சூட்டுகின்றனர்! இந்தியப் பயிர்களின் நோய்களைத் தொகுத்துப் பட்லர் எழுதிய பெருநூல் 1918-இல் வெளிவந்து நெடுங்காலம் மாணவர்க்கு வழிகாட்டியாக இருந்தது.

1920-ஆம் ஆண்டில் அவர் இந்தியாவை நீங்கிக் கியூவில் புதிதாக நிறுவப்பட்ட பூசணவியல் நிலையத்தின் முதல் இயக்குநரானார். உலகெங்கும் வெளியாகும் பயிர்நோய்ச் செய்திகளைத் திரட்டி, 1922 முதல் ஒரு திங்களிதழாக அந்நிலையம் வெளியிட்டது. 1926-இல் இலண்டன் அரசக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. கடல் கடந்து போயும் அவர் இந்நாட்டுப் பூசணங்களை மறக்கவில்லை. பிசுபி என்பவரோடு சேர்ந்து இந்தியப் பூசணங்களின் பட்டியல் ஒன்றை 1931-இல் வெளியிட்டார்.

பட்லர் கண்டுகாட்டிய மண்வாழ் பூசணங்கள் எவ்வாறு வேரை வெல்கின்றன, எந்த நொதியைக் கொண்டு வெல்கின்றன என்னும் வினாக்களைப் பின்வந்தோர் எடுத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த தொப்பூர் சீதாபதி சதாசிவன். இங்கிலாந்தில் பயின்றபோது, மண்ணில் புதைந்த கோதுமை வைக்கோலில் எந்தப் பூசணம் முன்னும் எது பின்னும் குடியேறுகிறது என்பதை ஆராய்ந்து 1939-இல் வெளியிட்டார். நாஞ்சில் நாட்டு நெற்றாள் மட்குவதும் அத்தகைய வரிசையிலேதான்: எளிய சர்க்கரையை உண்பவை முந்துகின்றன, செல்லுலோசை உடைக்கவல்லவை அடுத்து வருகின்றன, மரத்தன்மை வாய்ந்த லிக்னினைச் சிதைப்பவை மெல்லப் பின்தொடர்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் தலைவராக 1944-இல் பொறுப்பேற்ற சதாசிவன், பருத்தி வாடல் நோயில் பூசணம் சுரக்கும் நொதிகளையும் நச்சுப்பொருளையும் மாணவர்களோடு ஆராய்ந்து உலகறியச் செய்தார்.

நொதியை நொதியால் வெல்லும் வழியும் பின்னர்க் கிடைத்தது. மண்ணிலே டிரைக்கோடெர்மா என்னும் பச்சைநிறப் பூசணம் உண்டு. வைக்கோலை மட்கச் செய்வதில் அது வல்லது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளின் ஈரக்காற்றில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களைத் தின்று அழித்ததும் அதன் இனமே. அது தன் அண்டையிலுள்ள பித்தியம், பியூசேரியம் ஆகியவற்றின் இழைகளைச் சுற்றிப் பிணைத்து, தன் நொதிகளால் அவற்றின் சுவரைக் கரைத்து உண்கிறது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் கணக்கில் தமிழ்நாட்டு உழவர் விதையுடன் கலந்து விதைக்கின்றனர். பூசணமே பூசணத்திற்குக் காவலாகும் இம்முறை பட்லர் காலத்தில் வழக்கிற்கு வரவில்லை.

1935-ஆம் ஆண்டில் கியூ நிலையத்தினின்று ஓய்வுபெற்ற பட்லர், பின்னர் பிரித்தானிய வேளாண்மை ஆராய்ச்சிக் குழுவின் செயலாளராக 1941 வரை உழைத்தார். 1939-இல் சர் பட்டம் பெற்றார். 1943-ஆம் ஆண்டு ஏப்பிரல் 4-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் எழுதி முடிக்காது விட்ட பயிர்நோயியல் நூலை ஜோன்சு என்பவர் நிறைவு செய்ய, அது 1949-இல் வெளிவந்தது.

பூசா நிலையத்தின் கட்டடத்தை 1934-ஆம் ஆண்டுப் பீகார் நிலநடுக்கம் சிதைத்தது. 1936-இல் நிலையம் தில்லிக்குப் பெயர்ந்தது. நோயுற்ற இலையும் தண்டும் வேருமாகப் பட்லர் திரட்டத் தொடங்கிய உலர்ந்த பூசணத் தொகுதியும் அதனுடன் தில்லி சென்றது. இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலே, தாளுறைகளுக்குள், அத்தொகுதி இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.